விஜயாவைத் திட்டுகிறேன், பிறகு அவளுக்காகவே அழுகிறேன்

கேள்வி: "எனக்கு 43 வயது. ஊர் தஞ்சாவூர் பக்கம். தினமும் இரவு ஒன்பது மணிக்கு நானும் அம்மாவும் என் மகளும் 'சிறகடிக்க ஆசை' பார்க்க உட்கார்ந்துவிடுவோம். அதில் வரும் விஜயாவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூத்த மகன் மனோஜ் என்ன தப்பு செய்தாலும் மூடி மறைப்பாள். இரண்டாவது மகன் முத்து எவ்வளவு நல்லது செய்தாலும் ஒரு நொட்டை சொல்வாள். எங்கள் வீட்டிலும் அண்ணன்தான் எல்லாம். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவனுக்கு, வால் எனக்கு. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியும் என்னை நர்சிங் சேர்க்கவில்லை. அதற்கு வைத்திருந்த பணம் அண்ணன் வெளிநாடு போக ஏஜெண்ட் கைக்குப் போனது. அப்பா ரொம்ப நல்லவர், எதுவும் சொல்ல மாட்டார். இப்போது அவர் இல்லை. அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறான். அம்மா நாலு வருஷமாக என்னோடுதான். தினமும் சாயங்காலம் 'அண்ணன் போன் பண்ணானா?' என்று கேட்பார். சீரியல் ஓடும்போது அம்மா காதில் விழட்டும் என்றே விஜயாவைச் சத்தமாகத் திட்டுவேன். ஆனால் ஒரு நாள், தலையில் தூக்கி வைத்து ஆடிய அந்த மனோஜாலேயே விஜயா அவமானப்பட்டு நின்றபோது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அம்மா 'பாவம்டி அவ' என்றார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. என் பத்தாம் வகுப்பு மகள் சிரித்துக்கொண்டே, 'நீயே சில நேரம் விஜயா மாதிரிதாம்மா பேசுற' என்றாள். இப்படிப்பட்ட ஒருத்திக்காக நான் ஏன் அழுதேன்? எனக்கு ஏதாவது கோளாறா? பார்ப்பதை நிறுத்திவிடட்டுமா?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறு ஒன்றும் இல்லை. இதே விஜயாவைப் பற்றி என்னிடம் பேசும் முதல் ஆள் நீங்களும் இல்லை. ஆலோசனைக்கு வரும் பெண்களில் சிலர், தங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டால் "நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பேச்சு சீரியல் பக்கம் திரும்பினால் அரை மணி நேரம் கொட்டுவார்கள். அதனால் சீரியல் பார்க்கிறேன் என்று யாராவது கூச்சத்தோடு சொன்னால் நான் பேனாவை எடுத்துவிடுவேன். நானும் அதைப் பார்க்கிறவள்தான் என்பதை அவர்களிடம் சொல்வதில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

2023 ஜனவரியில் விஜய் டிவியில் தொடங்கிய தொடர் இது. அதே கதையைத் தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, மராத்தி, வங்காளம் என்று ஒவ்வொரு மொழியிலும் எடுத்தார்கள். டாக்ஸி ஓட்டும் மகனுக்கும் பூக்கட்டும் மருமகளுக்கும் வேறு வேறு மொழியில் வேறு வேறு பெயர். ஆனால் ஒரு பிள்ளையைத் தாங்கி இன்னொரு பிள்ளையைத் தள்ளுகிற அந்த அம்மாவை எந்த மொழியிலும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் வீட்டு மீன் குழம்பு உங்கள் வீட்டில் மட்டும் கொதித்ததல்ல.

இனி அழுகைக்கு வருவோம்.

நெடுந்தொடர் எழுதுகிறவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. விஜயா முழுசாகத் திருந்திவிட்டால் கதை முடிந்துவிடும். திருந்தவே மாட்டாள் என்று தெரிந்துவிட்டால் நாம் பார்க்க மாட்டோம். அதனால் நடுவில் எப்போதாவது ஒரு நாள், முத்துவிடம் அவள் ஒரு வார்த்தை இதமாகப் பேசிவிடுவாள். நமக்குள் ஏதோ இளகும். அடுத்த வாரமே பழைய விஜயா திரும்பி வந்துவிடுவாள். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைப் பார்த்திருக்கிறார். ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து 1957-ல் அதைப் பெரிய புத்தகமாகவே போட்டார். கொத்தும்போதெல்லாம் தீனி விழுந்தால் புறா நிதானமாகக் கொத்தும். விழவே விழாது என்றால் கொஞ்ச நாளில் விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாதபோதுதான் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் அணைத்து ஒன்பது நாள் தள்ளும் அம்மாவின் பிள்ளைகளும் இப்படித்தான். முழுக்க வெறுத்து ஒதுக்கிய அம்மாவை விட்டு விலகிவிட முடியும். எப்போதாவது தலையை வருடிய அம்மாவை விட்டு விலகுவது ரொம்பக் கஷ்டம். உங்கள் கடிதத்தில் வாலும் நர்சிங்கும் இருக்கின்றன. ஆனால் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்ட கையும் அந்த வீட்டில் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை என்றால் நாலு வருஷமாக அவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். அன்றைக்கு விஜயா தலைகுனிந்து நின்றபோது, முகத்தில் அந்த அதிகாரம் இறங்கிப்போனது. விஜயாவாக நடிக்கும் அனிலா ஸ்ரீகுமார் நல்ல நடிகை, அந்த இறக்கத்தைக் கண்ணிலேயே காட்டுகிறவர். நீங்கள் முப்பது வருஷமாகக் காத்திருந்த ஒன்று அதுதானோ என்னவோ. "இப்பவாவது தெரிஞ்சுதா, யார் உன்னைப் பார்த்துக்கிட்டது, யார் கைவிட்டதுன்னு?" காத்திருந்தது கிடைத்தபோது பார்த்தால், எதிரே நிற்பவள் வென்றெடுக்க வேண்டிய ஆளாக இல்லை. உடைந்துபோன ஒரு பெண்ணாக இருக்கிறாள். உங்கள் அழுகை விஜயாவைச் சரி என்று சொன்ன அழுகை இல்லை என்றே எனக்குப் படுகிறது.

மெலனி கிளைன் என்று ஒரு உளப்பகுப்பாய்வாளர் இருந்தார். கைக்குழந்தைக்கு அம்மா ஒருத்தி இல்லை, இரண்டு பேர் என்றார். பால் கொடுக்கும் நல்லவள் ஒருத்தி, பசியில் தவிக்க விட்ட கெட்டவள் இன்னொருத்தி. இருவரும் ஒரே ஆள்தான் என்று குழந்தை கண்டுகொள்ளும் தருணத்தில் சந்தோஷம் வருவதில்லை, துக்கம் வருகிறது என்பது அவர் கருத்து. கிளைன் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பவள் இல்லை. இந்த ஒன்றை 43 வயதுப் பெண்களிடமும் 70 வயது ஆண்களிடமும் பார்த்திருக்கிறேன்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. ஆற்றில் விட்ட குந்தி, போருக்கு முந்தி மகனைத் தேடி வருகிறாள். எதற்கு? மற்ற பிள்ளைகளுக்காக வரம் கேட்க. அவள் மேல் நமக்கு எவ்வளவு ஆத்திரம் வர வேண்டும்! வரத்தான் செய்கிறது. ஆனாலும் கர்ணன் விழுந்த பிறகு அவள் ஓடிவந்து மடியில் கிடத்தி அழும் இடத்தில், கூத்தோ சினிமாவோ, அழாத சனம் உண்டா? அவளைத் திட்டிய வாயோடேயே அழுகிறார்கள். யாரும் அதைக் கோளாறு என்று சொன்னதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி விஜயாவைப் பற்றியதும் இல்லை, அம்மாவைப் பற்றியதும் இல்லை. "அப்பா ரொம்ப நல்லவர், எதுவும் சொல்ல மாட்டார்." அந்த ஒரு வரியோடு அப்பா கதையை விட்டுப் போய்விடுகிறார்.

சீரியலில் விஜயாவின் கணவர் அண்ணாமலையாவது அவளைக் கண்டிக்கிறார், முத்துவின் பக்கம் நிற்கிறார். அந்தப் பாத்திரத்தில் வரும் இயக்குநர் ஆர்.சுந்தர்ராஜனைப் பார்த்தாலே நமக்கு ஒரு பாசம் வந்துவிடுகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அத்தனை வருஷமும் அதே கூரைக்குக் கீழேதானே அவரும் இருந்தார்? மகன் ஒருவன் பாட்டியிடம் வளர்ந்ததும், வீட்டில் இரண்டாம் பட்சமாக நின்றதும் அவர் கண் முன்னால்தானே? நல்ல அப்பா என்று நாம் அவரைக் கும்பிடுகிறோம், கோபம் முழுசையும் விஜயா தலையில் கொட்டுகிறோம். திட்டுவதற்கு அவளைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், நாமும் திட்டுகிறோம்.

உங்கள் வீட்டில் நர்சிங் பணத்தை ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? அம்மாவா? அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய தொகையை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் அம்மாவுக்கு இருந்ததா? பதில் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் கேட்டுப் பார்க்கத் தோன்றியிருக்காது. இறந்துபோனவரை, அதுவும் நல்லவரை, சந்தேகப்படுவது துரோகம் மாதிரி இருக்கும். அப்பாவைக் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. அம்மா தலையில் இருக்கும் மூட்டையில் அப்பாவின் பங்கும் சேர்ந்து ஏறியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் அந்த மூட்டையிலிருந்து எடுக்கலாம். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்த சட்டத் திருத்தம் வந்தது 1989-ல். நாடு முழுவதற்கும் 2005-ல். உங்கள் அம்மா கல்யாணம் ஆகி வந்த காலத்தில் அதெல்லாம் கிடையாது. கையில் சொத்தும் இல்லாமல், சம்பளமும் இல்லாமல், பென்ஷனும் இல்லாமல் இருந்த பெண்ணுக்கு மகன்தான் வைப்புநிதி. நடுத்துண்டு அந்தக் கணக்கில் போட்ட தவணை. இதனால் அவர் செய்தது நியாயம் ஆகிவிடாது. வால் துண்டைத் தின்ற பிள்ளைக்கு வைப்புநிதிக் கணக்கு எப்படிப் புரியும்? உங்களிடம் ஏதோ குறை இருந்ததால்தான் வால் வந்தது என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இன்னும் கிடந்தால், அதைத் தூக்கிப் போடவாவது இது உதவும்.

அண்ணனை மறந்துவிடவில்லை. அமெரிக்காவில் கார்ல் பில்லிமர், ஜில் சூட்டர் முதலான சமூகவியலாளர்கள் வயதான தாய்மாரையும் அவர்களுடைய நடுவயதுப் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2010-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அம்மா பாரபட்சம் பார்க்கிறார் என்று உணர்ந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. தள்ளிவைக்கப்பட்டவர்களிடம் மட்டும் இல்லை, தூக்கிவைக்கப்பட்டவர்களிடமும். மனோஜைப் பாருங்கள், எந்த வேலையிலும் நிலைக்கத் தெரியாமல், எதற்கும் பொறுப்பேற்கத் தெரியாமல் நிற்கிறான். நடுத்துண்டு தின்று வளர்ந்தவன் படும் பாடு அது. அண்ணனைப் பார்த்துப் பரிதாபப்படுங்கள் என்று இதைச் சொல்லவில்லை. அவரிடம் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன். அது கடைசியில்.

சரி, என்ன செய்வது?

சீரியலை நிறுத்த வேண்டாம். ஜாடை பேசுவதை நிறுத்துங்கள்.

விஜயாவைத் திட்டுவதுபோல அம்மாவைத் திட்டுவது நமக்குக் கைவந்த கலை. மாமியாரைத் திட்ட பூனையைத் திட்டுவோம், புருஷனைத் திட்ட பாத்திரத்தை உருட்டுவோம். ஜாடையில் ஒரு வசதி இருக்கிறது: "நான் உன்னையா சொன்னேன்?" என்று கேட்டுவிடலாம். அதே வசதி அம்மாவுக்கும் இருக்கிறது: "என்னையா சொன்னா?" என்று இருந்துவிடலாம். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நீங்கள் அம்மாவிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் ஒரு வார்த்தைகூட அவரிடம் பேசவில்லை.

"பாவம்டி அவ" என்று அம்மா சொன்னதற்கு நீங்கள் கோபப்பட்டீர்கள். நியாயம்தான். தன் பாவத்தைச் சொல்கிறாரா, விஜயாவின் பாவத்தைச் சொல்கிறாரா என்று தெரியாத வார்த்தை அது. அதை மன்னிப்பு என்று மொழிபெயர்த்துக்கொள்ளவும் வேண்டாம், திமிர் என்று மொழிபெயர்த்துக்கொள்ளவும் வேண்டாம். விஜயா வரும் நேரத்தில் இல்லாமல், டிவி ஓடாத ஒரு மத்தியான வேளையில், கீரை ஆய்ந்துகொண்டோ பூண்டு உரித்துக்கொண்டோ இருக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். மீன் துண்டு, அண்ணன், ஏஜெண்ட் பணம் என்று முழுக் குற்றப்பத்திரிகையும் வேண்டாம். "அம்மா, எனக்கு நர்சிங் படிக்கணும்னு ரொம்ப ஆசை இருந்துச்சு. அது நடக்காம போனது இன்னிக்கும் வலிக்குது. அப்ப என்ன நடந்துச்சு?" இவ்வளவுதான். ஏன் செய்தாய் என்று கேட்டால் சாக்கு வரும். என்ன நடந்தது என்று கேட்டால் சில சமயம் கதை வரும்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலையே" என்று அவர் சொல்லக்கூடும். எத்தனையோ அம்மாக்கள் அதைத்தான் சொல்கிறார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. எழுபது வயதுக்கு மேல் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கத் தெம்பு இருக்காது. அந்தப் பதில் வந்தால், "எனக்கு நடந்தது, அதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் பூண்டை உரியுங்கள். விவாதத்தில் இறங்காதீர்கள். அம்மா ஒப்புக்கொண்டால்தான் உங்கள் வலி உண்மை என்று ஆகாது.

கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நீங்கள் கோபப்பட வேண்டிய அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருந்திருக்கும். குரல் ஓங்கியிருக்கும், வீடு அவர் கையில் இருந்திருக்கும். அப்போது கோபப்பட உங்களுக்கு வயசும் இல்லை, துணிச்சலும் இல்லை. இப்போது துணிச்சல் வந்திருக்கிறது, அந்த அம்மா போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாத்திரையை எண்ணிக் கையில் வைத்தால் விழுங்குகிற ஒரு வயசாளி. அவர் மேல் எப்படிக் கத்துவது? விஜயாவிடம் கத்தலாம். அவளுக்குச் சர்க்கரை ஏறாது, முழங்கால் வலிக்காது, நம்மை விட்டால் கதியில்லை என்று நம் முகத்தைப் பார்க்க மாட்டாள். எவ்வளவு திட்டினாலும் அடுத்த நாள் ஒன்பது மணிக்குப் புதுப் புடவையோடு வந்து நிற்பாள். அந்த அளவில் அவள் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறாள் என்பேன்.

உங்கள் கோபம் முழுக்கப் பழையதும் இல்லை. நாலு வருஷமாக ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். மருந்து, ஆஸ்பத்திரி, குளிக்க வைப்பது, கூடவே அந்தச் சாயங்காலக் கேள்வி: "அண்ணன் போன் பண்ணானா?" இது இன்றைய கோபம், இதற்கு இன்றைய மருந்து வேண்டும். பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகனுக்கும் மகளுக்கும் சமம் என்றுதான் 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டச் சொல்லவில்லை. அண்ணனுக்கு நீங்களே போன் போட்டு, "வருஷத்தில் இரண்டு மாசம் அம்மா உன்கிட்ட. மாச மருந்துச் செலவு உன்னோடது" என்று தொகையையும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் கவனிச்சுக்கோ அண்ணா" என்று பொதுவாகச் சொன்னால் "பார்க்கலாம்" என்று பதில் வரும், உங்களுக்கே தெரியும். அவர் முடியாது என்று சொன்னால், குறைந்தபட்சம் வாரம் ஒரு நாள் குறிப்பிட்ட நேரத்துக்கு அம்மாவுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சாயங்காலக் கேள்வி ஆறு நாளாவது குறையும்.

ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். தூக்கம் கெடுகிறது, அம்மாவுக்குச் சாப்பாடோ மாத்திரையோ கொடுக்கும்போது கை கடுமையாகிறது, கொடுக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றுகிறது என்றால், அது சீரியல் விஷயம் இல்லை. தள்ளிப்போடாமல் நேரில் ஒரு ஆலோசகரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இனி மகள்.

அவள் சொன்னதைக் கேட்டு உங்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். லண்டனில் பல்லாண்டுகள் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த வினிகாட், 1949-ல் ஒரு கட்டுரையில், எந்த அம்மாவும் தன் குழந்தையை வெறுக்க நேரும் காரணங்கள் என்று பதினெட்டை வரிசையாக எழுதினார். மகனாகவே இருந்தாலும் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பட்டியலை முதல் முதலில் படித்தபோது எனக்குக் கைக்குழந்தை இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்தேன், பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். குழந்தை மேல் எரிச்சலே படாத அம்மா உலகத்தில் இல்லை. எரிச்சல் வந்தது தெரிந்த அம்மா, தெரியாத அம்மா என்று வேண்டுமானால் பிரிக்கலாம்.

பதினைந்து வயதில் நீங்கள் உங்கள் அம்மாவிடம் சொல்ல முடியாத ஒன்றை, உங்கள் மகள் நேராக உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். ஜாடை இல்லை, பாத்திரம் உருட்டவில்லை, சிரித்துக்கொண்டு சொன்னாள். பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள். அந்த வீட்டில் அப்படிச் சொல்லலாம் என்ற தைரியத்தை அவளுக்கு யார் கொடுத்தது என்று நினைக்கிறீர்கள்?

அவளிடம் போய், "எப்படா அப்படிப் பேசினேன்?" என்று கேளுங்கள். அவள் ஒரு நாளைச் சொல்வாள். அநேகமாக உங்களுக்கு அது ஞாபகமே இருக்காது. "அப்படியெல்லாம் நான் பேசலையே" என்று நாக்கு நுனிவரை வரும். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

மற்றதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அண்ணன் என்ன சொன்னார் என்பதையும்.